தோளில் ஒட்டிய எண்

நிலவுக் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை மாலை ஆடாதவர்களுக்குச் சனிக்கிழமை வேலை கிடையாது. அங்குள்ள குறைந்த ஈர்ப்பில் எலும்பு கரைந்துவிடும் என்பதால், வாரம் ஒரு மணி நேரம் ஜோடியாக ஆடியே தீரவேண்டும் என்பது சட்டம். யாருக்கு யார் ஜோடி என்பதைக் கணினி சொல்லும்.

நிறைமதிக்கு மூன்று வாரமாக ஜெயசிங்தான் வாய்த்தார். குடியிருப்புக்கு மூச்சுக்காற்று தயாரிக்கும் ஆலையின் தலைவர். பெண்களைக் கேளாமல் தலைக்குமேல் தூக்கி வீசுவதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். மூன்று முறையும் அவள் இடது தோளில்தான் வந்து விழுந்தாள். தண்ணீர்க் குழாய்களின் வால்வுகளைத் திருகிப் பிழைப்பவள் அவள். இன்னொரு முறை விழுந்தால் கை தூக்கவே வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆட்டக் குழுச் செயலாளர் தாட்சாயணியிடம் எழுதிக் கொடுத்தாள். தூக்குமுன் கேட்க வேண்டும், வேண்டாமென்றால் விட வேண்டும். அவ்வளவுதான்.

"அவரு நல்ல மனுஷர்தாம்மா, ஏதோ ஆர்வத்துல பண்றாரு. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்," என்றாள் தாட்சாயணி.

நான்காம் வாரம் ஆடுதுணை இயந்திரங்கள் வந்து இறங்கின. தனக்கு வாய்த்த இயந்திரத்தையும் ஜெயசிங் தூக்கி வீசினார். அதன் தோள்மூட்டு விரிசல் விட்டது. இசையை நிறுத்தினார்கள். தாட்சாயணி பதறி ஓடிவந்து, "வலிக்குதாப்பா?" என்று கேட்டாள். தனக்கு வலிக்காது என்று அது பணிவாகச் சொன்னது.

அரை மணியில் விசாரணை முடிந்து அறிவிப்பு ஒட்டினார்கள். குடியிருப்பின் சொத்துகளைத் தூக்குமுன் கேட்க வேண்டும், வேண்டாமென்றால் விட வேண்டும். தான் எழுதிய வரிகளையே நிறைமதி சுவரில் படித்தாள். கீழே ஜெயசிங்குக்குத் தண்டனை: ஆறு மாதம் இயந்திரங்களோடு ஆடக் கூடாது, பெண்களோடு மட்டும் ஆடலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கணினி அவளுக்கு மறுபடி அவரையே கொடுத்தது. அவள் நேராகத் தளவாடக் கிடங்குக்குப் போய், சாமான்களில் ஒட்டும் சொத்து எண் ஒன்று கேட்டாள். கிடங்குக்காரர் அவள் தோளைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

ஆட்டக்கூடத்தில் அவள் இடுப்பை நோக்கி வந்த ஜெயசிங்கின் கை, தோளில் எண்ணைக் கண்டதும் பாதியில் நின்றது.

"தூக்கலாமா?" என்று கேட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்துத்தான் கேட்டார்.

"வேண்டாம்."

கையை எடுத்துக்கொண்டார்.

தள்ளி நின்று பார்த்த தாட்சாயணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நான்தான் சொன்னேனே, நல்ல மனுஷர்னு," என்றாள்.