நினைவு ஒப்படைப்புப் படிவம்

மேஜர் அமலோற்பவத்துக்குக் கொஞ்ச வருஷமாகக் கண்ணாடி பார்க்கவே கூசியது. சிப்பாய் யாராவது சல்யூட் அடித்தால் தலை தானாகக் குனிந்துகொள்ளும். அப்படி என்ன தப்பு செய்துவிட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. எப்படிப் பிடிபடும்? தினமும் மாலை நான்கு மணிக்குத்தான் துடைத்துவிடுகிறார்களே!

படையிலிருந்து விடுபடுகிறவர் துப்பாக்கி, பூட்ஸ், தொப்பியோடு பணிக்கால நினைவையும் ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்கு ரயிலேற வேண்டும் என்பது சட்டம். நினைவுறிஞ்சி என்ற கவசத்தைத் தலையில் மாட்டினால் ஐந்தே நிமிடம். ராணுவ ரகசியமாம்! காயம்பட்டவர் மருத்துவ உரிமை கேட்டு மனுப் போட்டால் மட்டும் அந்தக் காயத்தின் நினைவு அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அதை உரிமை ஆயத்தின் தலைவி அமலோற்பவமும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவாள். பிறகு அவள் பார்த்ததை அழித்துவிடுவார்கள். அடுத்த விசாரணையில் பழைய தீர்ப்பின் சாயல் விழக்கூடாதென்று கோப்பில்கூட வைப்பதில்லை. எல்லாம் கனகச்சிதமான ஏற்பாடு. சம்பவத்தை உறிஞ்சும் கருவிக்கு வெட்கத்தை உறிஞ்சத் தெரியாது என்பதை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை.

அன்றைய கடைசி மனு, படையிலிருந்து விடுபட்ட நாயக் தணிகாசலத்துடையது. வலது கை தோளோடு போயிருந்தது. படை மருத்துவமனையில் உயிர்க்கை பொருத்தித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்.

"வீட்டுக்காரிக்குப் பக்கவாதம், மேடம். ஒத்தக் கையால தூக்கி உக்கார வைக்க முடியல. ரெண்டு தடவ கீழ போட்டுட்டேன்."

அமலோற்பவம் கவசத்தை மாட்டிக்கொண்டாள். ஒரு பாலம். அதைத் தகர்க்க வெடி வைத்தாயிற்று. காவலிடத்தை விட்டு யாரும் நகரக்கூடாதென்று கட்டளை. பாலத்தின் நடுவில் ஒரு பெண், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிறாள். தணிகாசலம் ஓடுகிறார், இருவரையும் இழுத்துக் கரையில் தள்ளுகிறார். வெடித்தது.

கவசத்தைக் கழற்றியபோது அவள் முகமெல்லாம் கண்ணீர்.

"கட்டளையை மீறினப்போ பட்ட காயம் பணிக்காயம் ஆகாது, நாயக். சட்டம் அப்படித்தான் இருக்கு."

"தெரியும், மேடம். இது நாலாவது மனு. மூணு தடவையும் நீங்கதான் பாத்தீங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நானா? என்ன செஞ்சேன்?"

"இதே மாதிரி அழுதீங்க. அழுதுட்டு, முடியாதுன்னு எழுதிட்டீங்க."

ஆறாத கூச்சத்துக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. விதிவிலக்கு கொடுக்க அவளுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஏன் கொடுத்தாய் என்று மேலிடம் நேரில் கூப்பிட்டுக் கேட்கும். பதில் சொல்ல நினைவு இருக்காது, விதிவிலக்கு ரத்தாகிவிடும். கை வேண்டுமானால் இன்று அவள் நினைவை ஒப்படைக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

"இந்தத் தடவை என் நினைவைக் கொடுக்க மாட்டேன், நாயக். மேலிடத்துல போய் நானே சொல்றேன். சத்தியமா மறக்க மாட்டேன்."

தணிகாசலம் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார். "போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க, மேடம்."

நான்கு மணி அடித்தது. ஊழியர் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கையெழுத்திட மறுப்பவர் பதவி, ஓய்வூதியம், குடியிருப்பு, மருத்துவ உரிமை அனைத்தையும் இழப்பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அமலோற்பவம் அதை இரண்டு முறை படித்தாள். அப்பாவின் டயாலிசிஸ் நினைவுக்கு வந்தது. அந்த நினைவை யாரும் உறிஞ்சுவதில்லை. மனுவின் மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு, தணிகாசலத்தைப் பார்க்காமலே படிவத்திலும் கையெழுத்திட்டாள்.

"பரவால்ல, மேடம். அடுத்த வருஷம் வரேன்," என்றார் அவர். அவளைத் தேற்றுகிற குரலில்தான் சொன்னார்.