இன்னொரு மரம்

காய் பிடித்திருந்தது. அதுதான் முதல் கோளாறு.

தன் மகள் பிறந்த வருஷம் அவள் நட்ட பேரிக்காய் மரம் அது. ஒவ்வொரு வருஷமும் வெள்ளை வெளேரென்று பூத்துக் கொட்டும், அவ்வளவுதான். ஜன்னலோரம் மெஷின் போட்டுத் துணி தைக்கும் அவள், துணி கொடுக்க வருகிறவர்களிடம் "அழகுக்கு வளக்குறேன்" என்று சமாளிப்பாள். இந்த வருஷம் பூ உதிர்ந்த காம்புகளில் பட்டாணி அளவில் பச்சைக் காய்கள். தலைகால் புரியாமல், கன்று விற்ற நாற்றுப்பண்ணைக்காரரை வரவழைத்துக் காட்டினாள்.

அவர் கிளையை வளைத்துப் பார்த்தார்.

"பக்கத்துல யாராவது பேரி மரம் வெச்சிருக்காங்களாம்மா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க."

"இருக்கணுமே. தன் மகரந்தத்துல இது காய்க்காது. வேற ரக மரம் ஒண்ணு கிட்டத்துல பூக்கணும், தேனீ அங்கயும் இங்கயும் போய் வரணும். ரெண்டு கன்னா வாங்குங்கன்னு அன்னைக்கே சொன்னேன், நீங்கதான் ஒண்ணே போதும்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க."

அளவெடுக்கும் சாக்கில் தெரு முழுக்க விசாரித்தாள். மொட்டை மாடியில் ஏறியும் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிகளும் துணிக்கொடிகளும்தான் தெரிந்தன.

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேரிப் பூ பார்க்கத்தான் அழகு, வாசனை பழைய மீன் போல இருக்கும். மரத்தில் பூவெல்லாம் கொட்டித் தீர்ந்தும் அந்த நாற்றம் போகவில்லை, அதுவும் தோட்டத்தைவிட வீட்டுக்குள்தான் அதிகம் என்று தோன்ற, எலி செத்திருக்குமோ என்று பீரோவை நகர்த்தினாள், தரையை மூன்று முறை துடைத்தாள். உள்ளறைப் பக்கம் போனால் இன்னும் குப்பென்று அடித்தது.

தேனீக்களும் நிற்கவில்லை. மதிலைத் தாண்டி வந்து, பூவில்லாத மரத்தைச் சட்டையே செய்யாமல், ஜன்னல் வழியாக அவள் தலைக்கு மேலே பறந்து, நடையைக் கடந்து உள்ளறைக்குப் போயின. வழி கேட்காமல் போகிற பழகிய விருந்தாளிகள். திரும்பும்போது கால்களில் மஞ்சள் அப்பியிருந்தது. மெஷினை நிறுத்தினாள். ரீங்காரம் நிற்கவில்லை.

உள்ளறையில் மகள் படுத்திருந்தாள். வீட்டில் அவளுக்குப் பேர் வாலு. ஒரு வாரமாக இருமல், பள்ளிக்கூடம் போகவில்லை. தொண்டையில் லேசான புண், தூசியாக இருக்கும் என்று டாக்டர் மருந்து கொடுத்திருந்தார்.

"அம்மா, தண்ணி!" என்று உள்ளேயிருந்து குரல். இது எத்தனையாவது செம்போ. செம்பை நிரப்பும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ரொம்ப நாளைக்கு முன் யாரோ கடையில் வாங்கி வந்த பேரிக்காய். வாலு விதையோடு விழுங்கிவிட்டாள். "போச்சு, வயித்துக்குள்ள மரம் முளைக்கப் போகுது பாரு!" என்று இவள்தான் பயமுறுத்தினாள். பிள்ளை பயப்படவில்லை. அன்றிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். முற்றத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். "அதுக்கு வெயில் வேணும்லம்மா?" அதை இவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

செம்பு கை நழுவியது.

நடையில் ஓடினாள். நாற்றம். ரீங்காரம். கதவு பாதி திறந்திருந்தது.

சாயங்கால வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. தலையணையில் மஞ்சள் தூள். மகளின் உதட்டோரம் ஒரு தேனீ. நடந்தது. உள்ளே போனது. இன்னொன்று வெளியே வந்தது.

"வாலு..." கட்டிலருகே குனிந்தாள்.

மகள் கண் திறந்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். அப்போதுதான் அம்மாவுக்கே தெரிந்தது, மெஷின் மேலிருந்த தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

"வெட்டிடாதம்மா." குரல் கரகரத்தது. "உன் மரம் காய்ச்சிடுச்சுல்ல?"

இருமினாள். போர்வையில் வெள்ளை இதழ்கள்.

பிறகு, காட்டுவதற்காக, வெயில் பக்கம் திரும்பி வாயை அகலத் திறந்தாள். நாக்குக்குப் பின்னால் பூ. கொத்துக் கொத்தாக. தொண்டைக்குழி வரை. அதற்கும் அடியில், பூ உதிர்ந்த காம்புகளில், பச்சையாக, பட்டாணி அளவில்.