முகிலன் அடித்த பந்து எவ்வளவு உயரம்?

கடைசிப் பந்து. ஜெயிக்க நாலு ரன் வேண்டும். மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் முகிலன்.

"போச்சுடா," என்று தலையில் கைவைத்தான் ராஜா. அவன்தான் நெல்லித்தோப்பு அணியின் கேப்டன். "இவன் இதுவரைக்கும் ஒரு ரன்னாவது எடுத்திருக்கானா?"

பூர்ணிமா கேட்டும் கேட்காதது போல நின்றாள். முகிலன் அவளுடைய தம்பி. எட்டு வயது. மட்டையே அவன் நெஞ்சு வரைக்கும் இருந்தது. 'ஒரே ஒரு தடவை பட்டுவிடேன்' என்று அவள் மனசுக்குள் அந்தப் பந்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு ஜெயிக்கும் அணிக்கு இந்தக் காலி மனை கோடை லீவு முழுவதும் சொந்தம். தோற்றவர்கள் தெருவில்தான் ஆட வேண்டும். ஸ்கூட்டர் வந்தால் ஒதுங்கணும், தண்ணி கேன் வண்டி வந்தால் ஒதுங்கணும். ஆட்டத்தைவிட ஒதுங்குவதுதான் அதிகமாக இருக்கும்.

மனையின் குறுக்கே, அம்பயர் அனைஸின் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எதிர்க் கம்பம் வரைக்கும் ஒரு கேபிள் ஒயர் போனது. அதை வைத்து ஒரு ரூல் உண்டு. ஒயருக்கு மேலே பந்து போனால் சிக்ஸர். யார் பிடித்தாலும் சிக்ஸர்தான். ஒயருக்குக் கீழே போன பந்தைப் பிடித்தால் அவுட்.

சாரம் அணியின் கேப்டன் வெற்றிச்செல்வன், எல்லோருக்கும் வெற்றி, ஓடிவந்து பந்தைப் போட்டான். முகிலன் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு மட்டையைச் சுற்றினான்.

டக்!

பந்து எழும்பியது. சாயங்கால வெயிலுக்குள் போய் மறைந்தது. எல்லோரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடினார்கள். வெற்றி மட்டும் இரண்டடி பின்னால் போய், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டான்.

பொத்!

"அவுட்டு!" என்று சாரம் பையன்கள் குதித்தார்கள்.

"சிக்ஸரு! ஒயருக்கு மேல போச்சு!" என்று ராஜா கத்தினான்.

"நீ பாத்தியா?"

"நீ பாத்தியாடா?"

யாருமே பார்க்கவில்லை. அதனால்தான் எல்லோரும் அவ்வளவு சத்தமாகக் கத்தினார்கள்.

"அத்தான்! அத்தான்!" என்று கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள் அனைஸ். அவள் பிரெஞ்சுப் பள்ளியில் படிப்பவள். எந்த அணியிலும் இல்லாததால் அவள்தான் எப்போதும் அம்பயர். அவசரத்தில் அவளுக்குத் தமிழ் மறந்து பிரெஞ்சு வந்துவிடும். பிரெஞ்சில் அத்தான் என்றால் 'பொறு' என்று அர்த்தம்.

"யாரு உங்க அத்தான்? வந்துட்டாரா?" என்றான் ராஜா.

சண்டைக்கு நடுவிலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அனைஸும் சிரித்தாள். "பொறுங்கன்னு சொன்னேன். எங்கம்மா போன்ல வீடியோ எடுத்திருக்கேன், பாருங்க."

பத்து தலைகள் போன்மேல் கவிழ்ந்தன. வீடியோவில் முகிலன் சுற்றினான். டக்! பந்து படத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. பிறகு திரும்பி வந்து வெற்றியின் கையில் விழுந்தது. நடுவில் அது எங்கே போனது என்று படத்தில் இல்லை. ஒயரும் இல்லை.

"வேஸ்டு," என்றான் வெற்றி.

பூர்ணிமா மட்டும் போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பந்து எங்கே போனது என்று தெரியாது. ஆனால் எப்போது போனது, எப்போது வந்தது என்று தெரிகிறதே!

அவள் அதிகம் பேசமாட்டாள். மனசுக்குள் பத்து வாக்கியம் ஓடினால் வாயில் ஒன்றுதான் வரும். இப்போதும் ஒன்றுதான் வந்தது.

"நேரம் போதும்."

"என்னாது?"

"எவ்ளோ உயரம் போவுதோ, அவ்ளோ லேட்டா வரும். ஏறுறதுக்குப் பாதி நேரம், எறங்குறதுக்குப் பாதி நேரம். அந்தப் பாதிய அதாலயே பெருக்கி, அப்புறம் அஞ்சால பெருக்கணும். அத்தினி மீட்டர். சயின்ஸ் கிளப்ல செஞ்சு பாத்திருக்கோம்."

வெற்றி யோசித்தான். "நேரா மேல போற பந்துக்கு அது சரி. இது சாய்ஞ்சு எங்கிட்ட வந்துச்சே?"

நல்ல கேள்வி. பூர்ணிமாவுக்கு அவன்மேல் சட்டென்று மரியாதை வந்தது.

அனைஸ் வீட்டுச் சிமெண்ட் வாசலை ஒட்டிய மதில் விளிம்பில் இரண்டு நாணயங்களை வைத்தாள். ஒன்றை மெல்லத் தள்ளி நேராகக் கீழே விழவிட்டாள். அதே நேரத்தில் இன்னொன்றை விரலால் சுண்டினாள். அது தூரமாகப் பறந்து போய் விழுந்தது.

டிங்!

"ஒரு சத்தந்தான் கேட்டுது," என்றான் முகிலன்.

"ரெண்டும் ஒண்ணா விழுந்துது. பக்கவாட்டுல போறது தனி, ஏறி எறங்குறது தனி. ஒண்ணு இன்னொண்ண தொந்தரவு பண்ணாது."

"இன்னொரு தடவ பண்ணு!" என்றார்கள் எல்லோரும். இன்னொரு தடவையும் டிங்!

அனைஸ் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். டக்கிலிருந்து பொத் வரைக்கும் எத்தனை நொடி என்று மதில்மேல் சாக்பீஸால் எழுதினாள். "நான் போய் ஒயர் எவ்ளோ உயரம்னு அளந்துட்டு வரேன்," என்று வீட்டுக்குள் ஓடினாள்.

பூர்ணிமா மதிலைப் பார்த்தாள். ஏழு, ஒரு கமா, ஒன்பது. புள்ளிக்குப் பதில் அனைஸ் கமா போடுவாள் என்று அவளுக்குத் தெரியும். ஏழு புள்ளி ஒன்பது நொடி. குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டாள். பாதியை அதாலேயே பெருக்கினாள். ஐந்தால் பெருக்கினாள். பந்து கிளம்பிய மட்டையின் உயரம் ஒரு மீட்டர். அதையும் கூட்டினாள்.

"எழுபத்தொம்பது மீட்டர்," என்றாள்.

"லைட் ஹவுஸ விட உயரண்டா!" என்று அலறினான் ராஜா. முகிலனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். "சிக்ஸரு! கிரவுண்டு எங்களுது!"

வெற்றி பந்தைக் கீழே போட்டான். "கணக்கே சொல்லிடுச்சு. நான் என்னா பண்றது."

முகிலனின் முகத்தை அப்படி ஒருநாளும் பூர்ணிமா பார்த்ததில்லை. சிரிப்பு காதுவரைக்கும் போயிருந்தது. ஆனாலும் அவளுக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. கண்ணை மூடி அந்தச் சத்தங்களை மறுபடி கேட்டுப் பார்த்தாள். டக். பொத். நடுவில் எட்டு நொடியா? எட்டு நொடி இருந்திருந்தால் வெற்றி ஷூ லேஸ் கட்டிவிட்டு வந்து பிடித்திருக்கலாமே!

அனைஸ் டேப்போடு ஓடிவந்தாள். பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒயரின் உயரத்தை எழுதினாள். ஒரு ஏழு. அதன் இடுப்பில் பெல்ட் மாதிரி ஒரு குறுக்குக் கோடு.

பூர்ணிமா இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "அனைஸ், இது என்னா?"

"ஏழு."

"அப்ப இது?"

"ஒண்ணு. எங்க ஸ்கூல்ல ஒண்ணுக்கு மூக்கு நீளமாப் போடுவோம். ஏழோட குழம்பிடக் கூடாதுன்னுதான் ஏழுக்குக் கோடு."

ஒன்று புள்ளி ஒன்பது நொடி! மண்ணில் மறுபடி கணக்குப் போட்டாள். நாலரை மீட்டர். மட்டையின் உயரத்தோடு சேர்த்து ஐந்தரை. ஒயர் ஏழு மீட்டரில் இருக்கிறது.

அவுட்.

யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மண்ணில் இருப்பதைக் காலால் தேய்த்துவிட்டால் போதும். கிரவுண்டு கிடைத்துவிடும். தோள்மேல் இருக்கும் தம்பி இறங்கவே வேண்டாம்.

ஆனால் அந்த எழுபத்தொன்பது மீட்டரை முகிலனா அடித்தான்? அந்த மூக்கு நீளமான ஒன்று அல்லவா அடித்தது?

"நிறுத்துங்க!"

தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நடந்ததைச் சொன்னாள். சாரம் பையன்கள் விசில் அடித்தார்கள்.

"உன்ன யாருடி கேட்டா?" என்று பல்லைக் கடித்தான் ராஜா.

முகிலன் தோளிலிருந்து வழுக்கி இறங்கினான். "அப்ப நான் அவுட்டாக்கா?"

"ஆமாண்டா."

"எவ்ளோதான் போச்சு?"

"அஞ்சரை மீட்டர்."

"அது எவ்ளோ?"

பூர்ணிமா சுற்றிலும் பார்த்தாள். அனைஸின் வீட்டைக் காட்டினாள். "மேல் மாடி ஜன்னல் தெரியுதா? அதுக்கும் கொஞ்சம் மேல."

முகிலன் அண்ணாந்து பார்த்தான். ஜன்னலில் காய்ந்த துண்டு அவன் தலைக்கு மேலே, எங்கேயோ ஆடிக்கொண்டிருந்தது. அவன் வாய் மெல்லத் திறந்தது.

"அவ்ளோ உயரமா? நானா?"

"நீதான். அதுவும் கண்ண மூடிக்கிட்டு."

"நெசமாவா?"

"கணக்குப் போட்டாச்சுல்ல."

அவன் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். லைட் ஹவுஸுக்கு மேலே போனதாகச் சொன்னபோது சிரித்தான். ஆனால் அப்போது இப்படி அண்ணாந்து பார்க்கவில்லை.

வெற்றி பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினான். "பூர்ணிமா, நான் எறிஞ்சா எவ்ளோ போவும்?"

"தள்ளுடா, மொதல்ல நான்!" என்று ராஜா முண்டியடித்தான்.

"அத்தான்! வரிசையா நில்லுங்க!" என்று அனைஸ் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

அப்புறம் கிரிக்கெட் யாருக்கு நினைவிருந்தது? பந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் எல்லோரும் "எவ்ளோ? எவ்ளோ?" என்று பூர்ணிமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ராஜாவின் பந்து ஒயரைத் தாண்டியது. வெற்றியின் பந்து அதைவிட ஒரு முழம் அதிகம். ராஜா விடவில்லை. இருட்டிப் பந்து தெரியாமல் போகும்வரை எறிந்தான்.

"கிரவுண்டு எங்களுது," என்றான் வெற்றி, கிளம்பும்போது. "ஆனா நாளைக்குக் காலையில நீங்கல்லாம் வந்துடுங்க. கணக்குப் போட ஆள் வேணுமில்ல?"

வீட்டு வாசலுக்குள் நுழைவதற்கு முன்பே முகிலன் ஓட ஆரம்பித்தான்.

"ஜெயிச்சீங்களாடா?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"தோத்துட்டோம்மா!" என்று துள்ளினான் முகிலன். "அஞ்சரை மீட்டரும்மா!"