பின்னால் வந்த வெள்ளைக் குறி

திரையில் அந்த வெள்ளைக் குறி தெரிவதற்கு ஒரு காரணமும் இல்லை. மலையடிவாரத்து ஓடுதளத்தை விட்டு அவள் கிளம்பியபோது அங்கே வேறு விமானம் கிடையாது. காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்தில் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வேன் டிரைவர், ரத்த மாதிரிகள் அடங்கிய பனிப்பெட்டியைப் பின்னிருக்கையில் வைத்து வாரால் இறுக்கிவிட்டு, ஒரு கொட்டாவியோடு வேனுக்குத் திரும்பியிருந்தார். மேலேறி வந்த பிறகும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஈ காக்கை இல்லை. ஆனாலும், நடுவில் அவளுடைய விமானத்தைச் சின்னப் பொம்மையாகக் காட்டும் அந்தத் திரையில், பொம்மைக்குச் சற்றுப் பின்னால், வெள்ளையாக ஒரு சாய்சதுரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு பூஜ்யங்கள். அவள் பறக்கும் அதே உயரம் என்று அர்த்தம்.

அவள் தோளைத் திருப்பிப் பின்பக்கச் சன்னலைப் பார்த்தாள். மாலை வெயில் வாலின் மேல் மஞ்சளாகப் படிந்திருந்தது. அதற்கப்பால் வெறும் வானம்.

அந்தத் திரை இருந்த பெட்டி புதிது. அதை வாங்க வைத்தவள் அவளுடைய அக்கா. போன மழைக்காலத்தில், பக்கத்து ஊர் விமானத்தளத்துக்கு மேலே, பட்டப்பகலில், இரண்டு சின்ன விமானங்கள் மோதி நான்கு பேர் இறந்துபோனார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அக்காவால் அதைத் தாங்கவே முடியவில்லை. "நல்ல கண்ணுள்ள ரெண்டு பேரு எதிருக்கெதிரா வந்தும் எப்படிடி பார்க்காம போவாங்க?" என்று இரவெல்லாம் கேட்டாள். மோத வரும் விமானம் முன்கண்ணாடியில் நகரவே நகராது, ஒரே இடத்தில் அழுக்குப் புள்ளி மாதிரி நிற்கும், நகராத பொருளைக் கண் கவனிக்காது, கடைசி நொடியில்தான் அது பெரிதாகும் என்று இவள் விளக்கினாள். விளக்கியிருக்கக் கூடாது. மறுநாள் காலை அக்கா கடையைத் திறக்காமல் நேராக விமான முதலாளியின் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் சம்மதிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பொருத்திய மெக்கானிக் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு விமானத்திலும் டிரான்ஸ்பாண்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. ரேடார் கேட்கும்போதெல்லாம் 'நான் இன்னார், இந்த உயரத்தில் இருக்கிறேன்' என்று அது பதில் சொல்லும். இந்தப் பெட்டி அந்தப் பதில்களை ஒட்டுக்கேட்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று திரையில் வரையும். ரொம்ப நெருங்கினால் குறி மஞ்சளாகும், ஒரு பெண்குரல் 'டிராஃபிக்' என்று எச்சரிக்கும். சில நேரம் நம் சொந்தக் கருவியின் பதிலையே வேறு விமானம் என்று நினைத்து வரைந்துவிடும்.

"நிழல் மேடம், அவ்வளவுதான். தன் நிழலைப் பார்த்தே குரைக்கிற நாய் இல்லையா, அது மாதிரி. சந்தேகமா இருந்தா டிரான்ஸ்பாண்டரை ஒரு தடவை அணைச்சுப் பாருங்க. நிழல்னா உடனே மறைஞ்சிடும்."

நிழல்தான். அவள் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு முன்னால் பார்த்தாள். கீழே காடு முடிந்து வயல்கள் தொடங்கியிருந்தன. தொலைவில், அவள் இறங்க வேண்டிய தளம் இருக்கும் திசையில், ஒரு மேகத்திட்டு சாம்பல் கம்பளிபோல் விரிந்து கிடந்தது. எஞ்சினின் ஒரே சீரான இரைச்சலும், சூடான எண்ணெய் மணமும், பனிப்பெட்டிக்குள் கண்ணாடிக் குப்பிகள் மெல்ல உரசும் ஒலியும். ஆறு வருடமாக இவைதான் அவளுக்குத் துணை. தனியாகப் பறந்து பறந்து, தரையிலும் அவள் பேச்சு குறைந்துபோயிருந்தது. அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தும், சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளின் சத்தம்தான் பெரும்பாலும் கேட்கும்.

இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவள் விமானத்தைச் சாய்த்தாள். வெள்ளைக் குறி நேராகவே போனது. பிறகு, எதையோ யோசித்து முடிவெடுத்ததுபோல், அதுவும் திரும்பியது.

நிழல் யோசிக்குமா?

அவள் வானொலியில் தளத்தின் கட்டுப்பாட்டு டவரைக் கூப்பிட்டாள். அங்கே மாலை வேலை பார்ப்பவரை எல்லோரும் டவர் அண்ணன் என்றுதான் சொல்வார்கள். குரல் பழக்கம்தான், நேரில் ஓரிரு முறை தலையசைத்ததோடு சரி. தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று கேட்டாள். தன் ரேடார் திரையில் அவள் ஒருத்திதான் இருப்பதாக அவர் சொன்னார். மெக்கானிக் சொன்ன நிழல் விஷயத்தை அவள் சொன்னதும் சிரித்தார். புதுச் செருப்பு கடிப்பதுபோல் புதுப் பெட்டியும் கொஞ்ச நாள் கடிக்கும் என்றார். அவளும் சிரித்திருக்கலாம். 'சரி' என்று மட்டும் சொன்னாள்.

உயரத்தைக் குறைத்துப் பார்த்தாள். குறி பழைய உயரத்திலேயே நின்றது. பக்கத்தில் இருந்த எண் ஒன்று, இரண்டு, மூன்று என ஏறியது. முந்நூறு அடி மேலே. அவளுக்கு மூச்சு இலேசானது. வேறு எவனோ வழிதவறி வந்தவன், போகட்டும். பிறகு எண் குறையத் தொடங்கியது. மூன்று. இரண்டு. ஒன்று. படி இறங்கி வருவதுபோல் நிதானமாக இறங்கி வந்து, மறுபடியும் அவளுடைய உயரத்தில், முன்பைவிடச் சற்று அருகில், நின்றுகொண்டது.

அவள் டவரை அழைத்தாள்.

"அண்ணே, டிரான்ஸ்பாண்டரைக் கொஞ்ச நேரம் அணைக்கிறேன். உங்க திரையில என் நம்பர் அழிஞ்சிடும். பயப்படாதீங்க."

"தாராளமா அணைங்க கேப்டன்."

அவள் குமிழைத் திருகினாள். கருவியின் சிறு பச்சை விளக்கு அணைந்தது. திரையைக் கண்கொட்டாமல் பார்த்தாள். வெள்ளைக் குறி மறையவில்லை. துடிக்கக்கூட இல்லை.

"என்ன கேப்டன், இன்னும் அணைக்கலையா?" என்றார் டவர் அண்ணன்.

"அணைச்சாச்சுண்ணே."

"இல்லையே. உங்க நம்பர் என் திரையில பளிச்சுனு தெரியுதே. உயரம்கூடச் சரியா காட்டுது."

அவள் குனிந்து பார்த்தாள். குமிழ் அணைந்த நிலையில்தான் இருந்தது. மறுபடி திருகினாள், பச்சை விளக்கு எரியவில்லை. தட்டினாள். எரியவில்லை. அதற்குள் முன்கண்ணாடியில் சாம்பல் நிறம் எழுந்து, இறக்கைகளை முதலில் விழுங்கி, பிறகு எல்லாவற்றையும் மூடியது. மேகத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

மேகத்தின் உள்ளே பகலும் இல்லை, இருட்டும் இல்லை. ஈரத்துணியை முகத்தில் போர்த்தியது போன்ற ஒரு வெளிறல். கண்ணாடியில் நீர்க்கோடுகள் பின்னோக்கி நெளிந்தன. சன்னல் விளிம்பின் வழியாகக் குளிர்ந்த மண்வாசனை கசிந்தது. அவள் மானிகளைப் பார்த்தே பறந்தாள். அந்த நேரத்தில்தான் எஞ்சின் சத்தத்தில் ஏதோ மாறியது. இதுவரை ஒரே நீளமாக இழுபட்ட இரைச்சல், இப்போது ஏறி இறங்கியது. வ்வும்... வ்வும்... வ்வும். சுழற்சி மானியைப் பார்த்தாள். முள் அசையாமல் இருந்தது. அவளுடைய எஞ்சின் மாறவில்லை. இரண்டு எஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடினால்தான் இப்படி அலையடிக்கும்.

"டிராஃபிக்" என்றது பெண்குரல். "டிராஃபிக்."

குறி மஞ்சளாகியிருந்தது.

அவள் வலப்பக்கம் சாய்த்தாள். மேலே ஏற்றினாள். இறக்கினாள். மஞ்சள் குறி கூடவே வந்தது. புகை நாற்றம். அவளுடையது அல்ல, இன்னொரு எஞ்சினின் புகை.

"டிராஃபிக்."

இடப்பக்கச் சன்னலில் மேகம் கொஞ்சம் கருத்தது. கருப்பு ஒரு கோடானது. கோடு ஓர் இறக்கையானது. அவள் மூச்சை நிறுத்தினாள். இறக்கையின் கீழே நீலப்பட்டை. அவள் விமானத்தில் இருப்பது போலவே. பட்டையில் எண். நாற்பத்தேழு.

அவளுடைய எண்.

அதன் சன்னலுக்கு உள்ளே ஒரு தலை. காதுகளில் ஒலிக்கருவி. பக்கவாட்டு முகம். அது திரும்பவில்லை. நேராக முன்னால் பார்த்தபடி, நிதானமாக, பழகிய வழியில் வீட்டுக்குப் போகிறவளைப் போல.

பிறகு அது நெருங்கியது.

அவள் கண்களை இறுக மூடினாள். கைகள் இரண்டும் சுக்கானில். இரும்பு கிழியும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. உடம்பின் வழியாக ஒரு குளிர் புகுந்து வெளியேறியது. அவ்வளவுதான்.

கண் திறந்தபோது எஞ்சின் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. வெளியே யாரும் இல்லை. திரையில் மஞ்சள் குறியும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, விடிய விடிய. அப்புறம்தான் திரையை மறுபடி கவனித்தாள். நடுவில் இருக்க வேண்டிய சின்னப் பொம்மை விமானமும் அங்கே இல்லை.

வானொலி கரகரத்தது.

"டவர், நாற்பத்தேழு. மேகத்தை விட்டு வெளிய வந்துட்டேன். இறங்க அனுமதி வேணும்."

அவளுடைய குரல். அவள் வாய் மூடியிருந்தது.

"வாங்க கேப்டன், ஓடுதளம் காலிதான்" என்றார் டவர் அண்ணன். "உங்க நிழல் போயிடுச்சா?"

"போயிடுச்சுண்ணே." குரல் சிரித்தது. "ஆமா, வீட்ல பையன் எப்படி இருக்கான்? காய்ச்சல் விட்டுச்சா?"

"விட்டுச்சும்மா. பள்ளிக்கூடம்கூடப் போனான். இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் என் வீட்டைப் பத்திக் கேக்குறீங்க."

அவள் பேச்சுப் பொத்தானை அழுத்தினாள். அண்ணே, அது நான் இல்ல, நான் இன்னும் மேல இருக்கேன் என்றாள். எப்போதும் பேசும்போது தன் குரல் தன் காதிலேயே கேட்கும். இப்போது கேட்கவில்லை. மறுபடி அழுத்தினாள். கத்தினாள். காதுக்குள் பஞ்சு அடைத்தது போன்ற அமைதி மட்டும்.

மேகம் கிழிந்து தளம் தெரிந்தது. அந்தி. ஓடுதளத்தின் இருபுறமும் விளக்குகள் எரிந்தன. நீலப்பட்டை போட்ட விமானம் பூப்போல இறங்கி, உருண்டு, கொட்டகைப் பக்கம் திரும்பியது. அவள் தாழ்வாக, டவரின் கண்ணாடியை உரசுவது போலப் பறந்து போனாள். உள்ளே டவர் அண்ணன் கோப்பையில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். இத்தனை இரைச்சலுக்கும் தலை நிமிரவில்லை.

கம்பி வேலிக்கு அருகில் ஸ்கூட்டர். அதன்மேல் சாய்ந்தபடி அக்கா.

அவள் ஒரு வட்டமடித்து வந்தாள். விமானத்தின் கதவு திறந்தது. அந்தப் பெண் இறங்கினாள். பனிப்பெட்டியை ஆஸ்பத்திரி ஆளிடம் கொடுத்தாள். வேலியை நோக்கி நடந்தாள். அவளுடைய நடை. இடது காலை இலேசாகச் சாய்த்து வைக்கும் அதே நடை. அக்காவிடம் போய் ஏதோ சொன்னாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

சிரித்து முடித்த அக்கா, ஏதோ சத்தம் காதில் விழுந்ததுபோல், கையை நெற்றிக்கு மேல் வைத்து வானத்தைப் பார்க்க முகத்தை உயர்த்தப் போனாள்.

அக்கா. இங்கே. அக்கா.

அந்தப் பெண்தான் முதலில் மேலே பார்த்தாள். தேடவில்லை. நேராக, இவள் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு அக்காவின் தோளில் கைபோட்டு, அவள் முகத்தை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னைக்கு நீங்கதான் கடைசி" என்று காதுக்குள் டவர் அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். "விளக்கை அணைச்சுடறேன்."

ஓடுதளத்தின் விளக்குகள், தொலைவிலிருந்து ஒவ்வொரு வரிசையாக, அவளை நோக்கி அணைந்துகொண்டே வந்தன.