காலை வணக்கம் சொன்ன காப்புடை

நிலவின் மூன்றாம் குடியிருப்பில் பொழுது விடிந்ததும் வேலைக்காரர்கள் வெளியே போகும் காற்றுக்கதவின் முன் கைகளை விரித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அவர்கள் போட்டிருக்கும் விண்வெளிக் காப்புடை கண்விழிக்க வேண்டும். தையல் தையலாகத் தன்னைச் சோதித்துக்கொண்டு, "போகலாம்" என்று அது சொன்னால்தான் கதவு வழிவிடும். சிவகடாட்சத்தின் காப்புடை மட்டும் இந்த வாரம் எழுந்திருக்க அடம்பிடித்தது. அவர் உள்ளே நின்றபடியே குறட்டை விட்டார். முகக்கண்ணாடியில் "வைரஸ் அபாயம்" என்று சிவப்பு எழுத்து ஓடியது. உடை விழிப்பதற்குள் கதவு மூடிவிட்டது. மறுநாளும் அதே கதை. இன்னொரு முறை தவறினால் சூரியப் பலகை துடைக்கும் வேலை போய்விடும்; கழிவறைப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

அவருடைய மனைவியின் தம்பி பூவேந்தனுக்குப் பகலில் பாசிப் பண்ணை, மாலையில் பொறி பராமரிப்பு வகுப்பு. எதையும் வரிசைப்படி செய்வான். செய்து முடித்தபின் வரிசை சரிதானா என்று கவலைப்படுவான். அக்கா காப்புடையைக் கொண்டுவந்து முன்னால் போட்டபோது, வைரஸ் பாடம் இன்னும் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தான்.

"வராத பாடத்தையும் பயந்து பயந்து முன்னாடியே படிச்சிருப்பியே" என்றாள் அவள். படித்துத்தான் இருந்தான்.

முதலில் வலைத்தொடர்பைத் துண்டித்தான். உடை சட்டென்று விழித்தது. எதையோ கெடுத்துவிட்டோம் என்று பதறி மறுபடி இணைத்தான், தூங்கி வழிந்தது. துண்டித்தால் விழித்தது. இது தன் திறமையாக இருக்க வாய்ப்பே இல்லை என்று முடிவு கட்டி, எழும் நேரத்தில் உடை என்னதான் செய்கிறது என்று திறந்து பார்த்தான்.

காப்புடைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கசிவு கண்டால் பக்கத்து உடைக்குச் சொல்வதற்காகக் கொடுத்த வசதி அது. ஆனால் அவை உடையவரைப் பார்த்துக் கற்பவை. மாமாவின் உடை எழத் தொடங்கியதும் குடியிருப்பின் அத்தனை உடைகளுக்கும் ரோஜாப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பியது. நிலவில் பிறந்தவர் எவரும் ரோஜாவைப் பார்த்ததில்லை. மற்ற உடைகளுக்கு ஒரு பதில் வணக்கத்தோடு வேலை முடிந்தது. இதுவோ வந்த பதிலுக்கெல்லாம் தனித்தனியாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தது; தன்னைச் சோதித்துக்கொள்ள அதற்கு நேரமே இல்லை. சிவப்பு எழுத்தும் அந்த வழியில் வந்ததுதான்: "வைரஸ் பரவுகிறதாம். அன்புக்குரியவர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள்." வைரஸ் எங்கும் இல்லை. எச்சரிக்கைதான் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது யாரைப் பார்த்துக் கத்துக்கிச்சு மாமா?"

சிவகடாட்சம் கூரையைப் பார்த்தார். "நாலு பேருக்கு நல்லது சொல்றது தப்பா மாப்ளே?"

கசிவுச் செய்தியை மட்டும் விட்டுவைத்து, உடையின் அரட்டையைப் பூவேந்தன் அடைத்தான். அதோடு படுத்திருக்கலாம். மற்றவர்கள் ஏமாறக் கூடாதே என்று வகுப்புத் தோழர்களின் உடைகளுக்கு ஓர் அறிவிப்பு எழுதினான்: அந்த எச்சரிக்கை பொய், நம்ப வேண்டாம். யாராவது விட்டுப்போய்விட்டால்? "இதை எல்லோருக்கும் தெரிவியுங்கள்" என்று கடைசியில் சேர்த்தான்.

மறுநாள் காலை குடியிருப்பே கைவிரித்தபடி தூங்கியது. ஒவ்வோர் உடையும் அவன் அறிவிப்பை மற்ற எல்லா உடைகளுக்கும் அனுப்பி, பதிலுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. விழித்திருந்த ஒரே உடை சிவகடாட்சத்துடையது. வேலை தப்பியது. பலகைகள் அத்தனையையும் அவர் ஒருவரே துடைத்தார்.

மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, அந்த வைரஸை எனக்கே திருப்பிப் போட்டுவிடு."

பூவேந்தன் நிமிரவில்லை. திருத்தம் எழுதிக்கொண்டிருந்தான். "முந்தைய அறிவிப்பை யாரும் பகிர வேண்டாம்" என்று முடித்துவிட்டு, மனம் கேட்காமல், "தவறாமல் அனைவருக்கும் அனுப்பவும்" என்று கீழே சேர்த்தான்.

சிவகடாட்சம் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"வெறும் எழுத்தா இருந்தா எவன் படிப்பான்? ஒரு ரோஜா போடு மாப்ளே."

யோசித்துப் பார்த்ததில் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. போட்டான்.