கம்பிகள் ஊறும் தொட்டி

கழுவி வைத்த கம்பியில் மயிர் ஒட்டியிருந்தது.

சங்கீதா அதை ரப்பர் கையுறை போட்ட விரலால் வழித்துப் பார்த்தாள். பழுப்பு நிறம். குட்டையாக, ஈரமாக, ஆட்டின் முதுகில் இருக்கிற மாதிரி. பார்பிக்யூ கடைக்கு உரித்த கோழி வரும், செதில் எடுத்த மீன் வரும். மயிரோடு எதுவும் வராது. அதுவும் இப்போதுதான் தொட்டியிலிருந்து எடுத்து, இரும்பு நாரால் தேய்த்து, குழாயடியில் அலசிச் சாய்த்து வைத்த கம்பி.

நோன்பு மாதம். பகலில் கடை கிடையாது. ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஷட்டரை இறக்கிவிட்டு, சாயங்காலம் நோன்பு திறந்த பிறகுதான் கரியைப் பற்றவைப்பார்கள். அதற்குள் நேற்றைய மசாலாவும் கொழுப்பும் கருகி அப்பிய கிரில் கம்பிகள் அத்தனையும் பளபளக்க வேண்டும். அது அம்மா அமிர்தவள்ளியின் வேலை. அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் இன்று மகள், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, வந்திருக்கிறாள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் அம்மா கால் கடுக்க நின்றது இதற்குத்தான்.

"இன்னாம்மா கிராஜுவேட்டு, பார்முலா போட்டுப் பாத்துட்டுதான் தேய்ப்பியா?" என்று காலையில் மேனேஜர் வசந்த் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு சாக்கிலிருந்து மஞ்சள் கட்டிகளைத் தொட்டியில் கொட்டினான். "சல்பைடு. டேனரில இருக்கிற தோஸ்த்து குடுத்தான். தோல்ல இருக்கிற மயிரே கரைஞ்சி போவுது, இந்தக் கரி போவாதா?"

"சார், சாப்பாடு சுடுற கம்பி இது. ஆசிட் பட்டா விஷ வாயு வரும்."

"உங்கம்மா தினம் ஆசிட்டு ஊத்திக்கினுதான் இருக்குது. அதுக்கு இன்னா ஆயிடுச்சி? பளபளப்பு வரணும்ல. ரொம்பப் பேஜார் பண்ணாத."

ஷட்டரை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு பைக்கில் போய்விட்டான். திறந்திருந்தால் கடை இருக்கிறதென்று ஆள் வந்துவிடுமாம். அம்மாவின் காய்ச்சல் அந்த ஆசிட் புகையிலிருந்துதான் வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சங்கீதா மீண்டும் தொட்டியைப் பார்த்தாள். தரையோடு தரையாகக் கிடந்த சிமெண்ட் குழி. கடை வருவதற்கு முன் இந்த ஷெட் தோல் பதனிடும் டேனரியாக இருந்தது. தோலை ஊறப்போட்ட சுண்ணாம்புத் தொட்டிகளில் இது ஒன்றை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்கள், கம்பி ஊறப்போட வசதி என்று. அப்பா முனிரத்தினம் செத்தது இதற்குள்தான். முதலில் விழுந்தவர் கூட வேலை பார்த்த ஜியாவுதீன் பாய். "கை குடு முனிரத்தினம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததாம். அப்பா இறங்கினார். பாய் முதல் மூச்சிலேயே போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்படியானால் கூப்பிட்டது யார்?

அம்மாவிடம் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"கூப்ட்டாங்க, போனாரு. கூப்ட்டா போவாம இருப்பாங்களாடி? நாளைக்கு நீ கூப்ட்டா நான் வர மாட்டேனா?"

தொட்டியின் மேல் குறுக்கே போட்ட குழாயில், எஸ் வடிவக் கொக்கிகளில் கம்பிகள் வரிசையாகத் தொங்கி நீருக்குள் மறைந்தன. தண்ணீர் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில், மேலே கொழுப்பின் ஆடை படர்ந்து, அசையாமல் கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டையிலிருந்து விழுந்த வெயில் அதன்மேல் பட்டும் பளிச்சிடவில்லை. அழுகிய முட்டை வாடை, அதற்கடியில் நனைந்த தோலின் புளித்த வாடை, அதற்கும் அடியில் நேற்றைய கோழிக் கொழுப்பு. தொட்டியைத் தாண்டி, விளிம்பை ஒட்டிய ஒற்றையடி நடையின் கடைசியில் பின்கதவு. அதற்கு அந்தப் பக்கம் சந்து. சந்தில் இரண்டாவது வீடு அவர்களுடையது.

இரும்பு நாரை எடுத்துத் தேய்த்தாள். சரக், சரக், சரக். மயிர் விரலிடுக்கில் சுற்றிக்கொண்டது. உதறினாள். வழுக்கலில் ஆரஞ்சு நிறக் கையுறை ஒன்று கழன்று தொட்டிக்குள் விழுந்து, விரல்கள் விரிந்தபடி மெல்ல முழுகியது.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

சரக், சரக், சரக்.

பைபாஸில் லாரி போனது. மசூதியில் பாங்கு சொல்லி முடித்தார்கள். அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து, பொறுமையாக, வேலை தெரிந்த கையின் தாளத்தோடு யாரோ கம்பி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கொக்கி ஆடியது. பிறகு அடுத்த கொக்கி.

குழாய்த் தண்ணீர் சொட்டுகிறது, அவ்வளவுதான். எதிரொலி. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு கம்பி தானாக மேலே வந்தது. அரையடி. கரி இல்லை, பிசுக்கு இல்லை. புதுசு மாதிரி வெள்ளைவெளேரென்று. அதன் குறுக்குக் கம்பிகளில் பழுப்பு மயிர் தோரணமாகத் தொங்கியது.

வாடை நின்றுவிட்டது.

மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. முட்டை இல்லை, தோல் இல்லை, கோழி இல்லை. கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது: வாடை போனால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.

போகணும். இப்பவே.

பின்கதவுக்குப் போக விளிம்பை ஒட்டித்தான் நடக்க வேண்டும். ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"கை குடு."

ஆம்பளைக் குரல். ஈரமான குரல். கெஞ்சவில்லை. பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன் சாமான் கேட்பதுபோல் கேட்டது.

"அம்மா!" என்று அலறிவிட்டாள். திரும்பி ஓடினாள். சமையலறைக்குள் பாய்ந்து, தொட்டிப் பக்கத்துக்கும் அதற்கும் நடுவிலிருந்த இரும்புக் கம்பி மடக்குக் கதவை இழுத்துச் சாத்தி, தொங்கிய பூட்டை அழுத்தினாள். க்ளிக். சாவி வசந்திடம். பரவாயில்லை. இந்தப் பக்கம் காற்று இருந்தது. அது அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். இனி யாரும் அங்கே இறங்க வேண்டாம்.

தொண்டை எரிந்தது. இருமினாள்.

தண்ணீர் சலசலத்தது.

"அம்மா!"

இவள் கூப்பிடவில்லை. வாய் மூடியிருந்தது.

"அம்மா! அம்மா!"

அவள் குரல். அதே அலறல். அதே உடைசல். தொட்டியிலிருந்து கிளம்பி, கூரையில் மோதி, சுவரைத் தாண்டிச் சந்துக்குள் போனது.

வேண்டாம். கடவுளே. காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருப்பாள். கேட்காது.

சந்தில் செருப்புச் சத்தம். ஓட்டம்.

"பாப்பா! இன்னாடி ஆச்சி?"

"வராதம்மா" என்று கத்தினாள். காற்றுதான் வந்தது. தொண்டை வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்தது. அம்மா. கலைந்த தலை, நைட்டிமேல் துண்டு. கண்ணெரிச்சலில் இடைவிடாமல் இமைத்தாள். கண்ணீர் கொட்டியது, எதுவும் தெரியவில்லை. கையால் துழாவினாள்.

"எங்கடி இருக்க?"

"அம்மா, இங்க" என்றது தொட்டி.

சங்கீதா சுவரில் சாய்த்திருந்த கம்பி ஒன்றை எடுத்து மடக்குக் கதவில் ஓங்கி அடித்தாள். தடார். தடார். இங்க பாரு. இங்க பாரும்மா. பூட்டு ஆடியது. திறக்கவில்லை. தடார்.

அம்மா தொட்டியோரம் மண்டியிட்டாள்.

"தட்டாத பாப்பா, கேக்குது. சுவத்தப் புடிச்சிக்கினு இரு. இதோ, அம்மா வந்துட்டேன்."

சங்கீதா அடிப்பதை நிறுத்தினாள்.

உள்ளே யாரோ தொடர்ந்து அடித்தார்கள். தடார். தடார்.

"கை குடும்மா."

அம்மா நீட்டினாள்.

கொழுப்பின் ஆடை பிளந்தது. முதலில் ஆரஞ்சுக் கையுறை. பிறகு முழங்கை, சுண்ணாம்பில் ஊறி உப்பிய, மயிரில்லாத, வெளுத்த தோல். அதன் பின்னால் இன்னொரு கை. அதற்குப் பின்னால் வரிசையாக, கொக்கிகளுக்கு நடுவே, ஒன்றின்மேல் ஒன்று பற்றியபடி.

கையுறை அவசரப்படவில்லை. அம்மாவின் வளையல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. பிறகு மணிக்கட்டைப் பிடித்தது.

"நல்லா புடிச்சிக்கோ கண்ணு" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.