மெத்தையில் படுத்த பலூன்

முதல் பலூன் வெடித்த சத்தத்தில் அலுவிகாரை ஊர்க் காகங்கள் அத்தனையும் எழும்பி, மாத்தளைக்கு வடக்கே நாலந்தா வரைக்கும் பறந்து போயின. அவற்றில் பாதி இன்னமும் திரும்பி வரவில்லை. நம்பாதவர்கள் நாலந்தாவுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே காகம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

பலூன் வெடித்தது பள்ளிக்கூட மைதானத்தில். ஊரில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். மற்றப் பாதிப் பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவள் ஜுனைதா. வயது பத்து. மெத்தை தைக்கும் ஸஹாப்தீனின் மகள். அவள் வீட்டில் எங்கே பார்த்தாலும் இலவம்பஞ்சு பறக்கும். அதனால் அவள் தலைமுடியில் எந்நேரமும் நாலு துணுக்குப் பஞ்சாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

பலூனைக் கொண்டுவந்தவர் சிவஞானம் சேர். கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்தவர். அவர் எவ்வளவு ஒல்லி என்றால், பலூனோடு அவரையும் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயந்து, ஜீப் டிரைவர் ஒரு கையால் அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இப்போது அவர் ஒரு காஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார்.

ஜுனைதா பக்கத்தில் போனாள். "சேர், ஏன் வெடிச்சுது?"

"காற்று, தங்கச்சி. ஊதிக்கொண்டிருக்கும்போதே பலூனைப் பிடுங்கித் தரையில் அடித்துவிட்டது. தரை முழுக்கத் தொட்டாச்சுருங்கி முள்."

"இன்னொண்ணு இல்லையா?"

"ஒன்றே ஒன்று இருக்கிறது. அதுவும் வெடித்தால் நான் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்."

அவர் முகத்தைப் பார்க்க ஜுனைதாவுக்குப் பாவமாக இருந்தது.

"நாளைக்கு விட்டா என்ன சேர்?"

"நாளைக்கு விட்டுப் பிரயோசனம் இல்லை. இன்றைக்குத்தான் எத்தனையோ நாடுகளில் இதே மாதிரிப் பலூன் விடுகிறார்கள். எல்லோருமாகச் சேர்ந்து கூரையை அளக்கிறோம். நம்முடைய பலூன் போகாவிட்டால் நம்ம தீவுக்கு மேலே மட்டும் அளவு இருக்காது."

"கூரையா? எந்தக் கூரை?"

சிவஞானம் சேர் விரலை மேலே காட்டினார். ஜுனைதா அண்ணாந்து பார்த்தாள். நீல வானம். ஒரு ஓட்டைகூடக் காணோம்.

"அங்கே ஓசோன் என்று ஒரு வாயு இருக்கிறது. சூரியனிலிருந்து வரும் பொல்லாத கதிர்களை அதுதான் தடுத்து நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் புல்பூண்டுகூடக் கருகிப் போகும்."

"அப்ப நல்ல மொத்தமான கூரையாத்தான் இருக்கும்!"

"பல மைல் உயரத்துக்குப் பரவிக் கிடக்கிறது. ஆனால் ஐதாக, நெருக்கமில்லாமல்தான் இருக்கிறது. அத்தனையையும் வழித்தெடுத்து, தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால்..." அவர் இரண்டு விரல்களை நெருக்கினார். இன்னும் நெருக்கினார். விரல்களுக்கு நடுவில் ஒரு கீறல் வெளிச்சம்தான் மிச்சமிருந்தது. "இவ்வளவுதான்."

ஜுனைதா வாயைப் பிளந்தாள். "எங்க உம்மா சுடுற ரொட்டியே இதைவிட மொத்தம் சேர்!"

மறுபடியும் அண்ணாந்து பார்த்தாள். ஒரு ரொட்டித் தடிப்புக்கூட இல்லாத கூரை. அதற்குக் கீழே அலுவிகாரை. மாத்தளை. மலைகள், கடல்கள், உலகத்து யானைகள் எல்லாம். தலை இடித்துவிடுமோ என்று கொஞ்சம் குனிந்துகூடக் கொண்டாள்.

ஜீப்பில் ஒரு பெட்டி இருந்தது. புதுச் சப்பாத்து ஜோடி வரும் அட்டைப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஒரு குட்டிக் குப்பி, அதில் மருந்துத் தண்ணீர், காற்றை இழுத்து அந்தத் தண்ணீரில் குமிழியிட வைக்கும் சின்னப் பம்பு, ஒரு ரேடியோ. ஓசோன் அந்தத் தண்ணீரில் பட்டால் துளி மின்சாரம் உண்டாகுமாம். உடனே பெட்டியிலுள்ள ரேடியோ வானத்திலிருந்து சத்தம் போட்டுச் சொல்லுமாம். இத்தனையையும் தூக்கிக்கொண்டு போகத்தான் பலூன்.

கிழிந்து கிடந்த பலூன் துண்டை ஜுனைதா தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் வெங்காயத் தோலை வைத்தால் வெங்காயத் தோல் கோணிச் சாக்கு மாதிரித் தெரியும். அவ்வளவு மெல்லிசு.

"இதை முள்ளில போடலாமா? மெத்தையில இல்ல படுக்க வைக்கணும்!" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே மண்டையில் ஏதோ பளிச்சென்றது.

நேற்றுத்தான் அவளும் வாப்பா ஸஹாப்தீனும் ஒரு மெத்தையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். கல்யாண மெத்தை. அதைப் போல இன்னொரு மெத்தை இலங்கையில் கிடையாது. ஏழு ஊர் இலவ மரங்களை மொட்டையடித்து அதில் பஞ்சு அடைத்தார்கள். அந்தக் கல்யாண வீட்டுப் பின் முற்றத்தில் வைத்துத்தான் வாப்பா கடைசித் தையல் போட்டார். தரையில் கிடந்த மிளகுச் சருகுகூட அங்கே அசையவில்லை. சுற்றிவர உயரமான சுவர்.

"சேர், காத்தே வராத இடம் ஒண்ணு எனக்குத் தெரியும். மெத்தையும் அங்கேயே இருக்கு. ஆனா எங்களுது இல்ல. கேட்டுட்டு வாறேன், அது வரைக்கும் பலூனைத் தொடாதீங்க!"

அவள் ஓடிய ஓட்டத்தில் கண்டி பஸ் பின்தங்கிவிட்டது.

ஜைனுதீன் ஹாஜியார் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்பவர். அவற்றைக் காயப்போடத்தான் அந்தச் சுவர் வைத்த சீமெந்து முற்றம். மறுநாள் அவர் மகள் றம்லாவுக்குக் கல்யாணம். முற்றத்தைக் கூட்டிக் கழுவி, ஒரு மூலையில் பெரிய அடுப்பு வைத்திருந்தார்கள்.

"என்ன புள்ள, சிறுத்தை கிறுத்தை துரத்துதா?" என்றார் ஹாஜியார்.

ஜுனைதா மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். பலூன், முள், ரொட்டி மொத்தம்கூட இல்லாத கூரை, சிவஞானம் சேருடைய முகம்.

முற்றம் என்றபோது ஹாஜியார் தலையாட்டினார். மெத்தை என்றதும் நிமிர்ந்துவிட்டார்.

"கல்யாண மெத்தையா? புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருறதுக்கு முந்தி அதில யாரும் உட்காரக் கூடாது, தெரியுமா? நேத்து ஒரு ஈ உட்கார்ந்துச்சு. அதையே வாசல் வரைக்கும் கொண்டுபோய் அனுப்பிட்டு வந்தேன்!"

"பலூன் உட்காராது ஹாஜியார். சும்மா கொஞ்ச நேரம் படுத்திருந்துட்டு எழும்பிப் போயிடும்."

உள்ளே கதவுத் திரைக்குப் பின்னால் யாரோ குபீரென்று சிரித்தார்கள். திரை விலகியது. கல்யாணப் பெண் றம்லா ராத்தா; ஊர்ச் சிறுசுகளுக்கெல்லாம் அக்கா.

"ஜுனைதா, அந்த வெடிச் சத்தம் பலூன்தானா? நான் ஓடிப்போய் ஜன்னலால பார்த்தேன். சுவர்தான் தெரிஞ்சுது. கல்யாணப் பொண்ணு வெளியில போகக் கூடாதுன்னு இத்தனை நாளா இந்தச் சுவரைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். எவ்வளவு பெரிசு அது?"

"நிலத்தில நிக்கும்போது யானைக்குட்டி அளவு, ராத்தா. மேல போகப் போக வீங்கி உங்க வீட்டளவு ஆகுமாம்!"

றம்லா வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "மெத்தை யாருக்குத் தைப்பிச்சீங்க வாப்பா?"

"உனக்குத்தான் மகள்."

"அப்ப நான் சொல்றேன். வானத்துக்குப் போற விருந்தாளி முதல்ல படுக்கட்டும்."

ஹாஜியார் மகளைப் பார்த்தார். ஜுனைதாவைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

"சரி. ஆனா பலூன் கால் கழுவிட்டுத்தான் வரணும்" என்றார்.

சிலிண்டரையும் பலூனையும் ஏற்றிக்கொண்டு ஜீப் வந்தது. பின்னால் ஊரே வந்தது. சிவஞானம் சேர் முற்றத்துக்குள் காலை வைத்தார். சுவர்களைப் பார்த்துச் சிரித்தார். அடுப்பைப் பார்த்ததும் சிரிப்பு செத்துப் போயிற்று.

"ஐயோ, நெருப்பு! பலூனில் ஊதுவது ஹைட்ரஜன். ஒரு பொறி பட்டால் போதும், நாம் எல்லோரும் கூரை அளக்கப் போய்விடுவோம்!"

அடுப்புக்கு முன்னால் சமையல்காரர் பாறூக் நின்றார். சட்டி கிண்டும் துடுப்பை ஈட்டி மாதிரிப் பிடித்திருந்தார்.

"அணைக்கிறதா? கல்யாண இனிப்பு, தொதல் கிண்டுற சட்டியை இப்பத்தான் ஏத்தப் போறேன். என் அடுப்பைப் பெருமழையே அணைச்சதில்ல. ஒரு பலூனுக்காக அணைப்பேனா?"

ஹாஜியார் குரலை உயர்த்தினார். பாறூக் அதைவிட உயர்த்தினார். சிவஞானம் சேர் சத்தமே இல்லாமல் வியர்த்தார்.

ஜுனைதா பாறூக்கின் கைகளைப் பார்த்தாள்.

"பாறூக் நானா, தொதல் பதம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கையில தெரியும். வேற எப்படி?"

"பலூனுக்கும் அப்படி ஒரு கை வேணுமாம். அதன் கழுத்தைப் பிடிச்சிருக்கணும். இறுக்கினா கிழியும், தளர்த்தினா ஓடிடும். நம்ம ஊருல அந்தப் பதம் தெரிஞ்ச கை யாரு கைன்னு நான் யோசிச்சுப் பார்த்தேன்..."

பாறூக் துடுப்பைக் கீழே வைத்தார். தன்னுடைய கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுப்பில் அவரே ஊற்றினார். அது போதாதென்று இன்னொரு குடம். எழும்பிய ஆவியில் ஹாஜியாரைக் கொஞ்ச நேரம் காணவில்லை.

சாம்பல் குளிர்ந்து, சிவஞானம் சேர் அதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மெத்தை வெளியே வந்தது. ஜுனைதாவின் வாப்பா ஸஹாப்தீனும் ஓடிவந்து, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்தார். "மோதிரம், காப்பு, பெரிய நகம் எதுவும் கிட்ட வரக்கூடாது!" என்று ஜுனைதா எல்லோருடைய கைகளையும் பரிசோதித்தாள். ஹாஜியாரின் மோதிரத்தைக்கூடக் கழற்ற வைத்துவிட்டாள்.

பலூனை மெத்தையில் படுக்க வைத்தார்கள். பாறூக் கழுத்தைப் பிடித்தார். சிலிண்டர் 'உஸ்ஸ்' என்றது.

தூங்கும் பிள்ளை புரண்டு படுப்பது போலப் பலூன் அசைந்தது. பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

"உட்காராதுன்னு சொன்னியே!" என்றார் ஹாஜியார்.

"கொஞ்சம் பொறுங்க, இப்ப எழும்பிடும்!"

எழும்பியது. உருண்டு, திரண்டு, வெயிலில் பால் நிறத்தில் மின்னிக்கொண்டு, முற்றத்துக்கு நடுவே இரண்டாம் நிலாப் போல நின்றது. இலை அசையவில்லை. ஆள் அசையவில்லை.

சிவஞானம் சேர் பலூனின் கழுத்தை இறுக்கி முடிந்து, அதிலிருந்து தொங்கும் நீளக் கயிற்றில் பெட்டியைக் கட்டினார். "பெட்டியை யாராவது கடைசி வரைக்கும் பிடித்திருந்து விட வேண்டும். தங்கச்சி, நீ பிடிக்கிறாயா?"

ஜுனைதா உள்ளங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள். கையை நீட்டினாள். நீட்டியவள், முற்றத்துக்கு இறங்கி வந்து பக்கத்தில் நின்ற றம்லாவைப் பார்த்தாள். ராத்தா கண் இமைக்காமல் பலூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, நீங்களும் பிடிங்க" என்றாள்.

இரண்டு பேருமாகப் பெட்டியைத் தாங்கிக்கொண்டார்கள். பாறூக் கையை எடுத்தார். பலூன் நேராக மேலே போயிற்று. கயிறு விர்ரென்று விறைத்தது. பெட்டி அவர்கள் கைக்குள் துடித்தது.

"விடுங்கள்!"

விட்டார்கள்.

சுவரைத் தாண்டும்போது மைதானத்துக் காற்று அதைப் பிடித்தது. ஆனால் அங்கே முள் இல்லை. வானம்தான் இருந்தது. பலூன் மாங்காய் அளவானது. பிறகு மிளகு அளவானது. பிறகு, இருக்கிறது என்று நினைத்தால் மட்டும் தெரிந்தது.

சிவஞானம் சேர், அந்தப் பெட்டியின் குரலைப் பிடிக்கும் இன்னொரு ரேடியோவை ஒரு சாக்கு மேல் வைத்துத் திருகினார். 'ம்ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் ஒரு சத்தம் வந்தது. ஊர் முழுக்க அதைச் சுற்றி உட்கார்ந்தது.

"இப்போது மழை மேகத்தைத் தாண்டிவிட்டது" என்றார் சேர். 'ம்ம்ம்ம்.' "இப்போது கழுகுகூட இல்லாத இடம்." 'ம்ம்ம்ம்.'

நேரம் போயிற்று. யாரும் எழும்பவில்லை. மடியிலிருந்த கைக்குழந்தைகள்கூட அழவில்லை. நக்கிள்ஸ் மலையைப் போலப் பத்து மலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தில் இப்போது அந்தப் பெட்டி. இது மட்டும் அளந்து பார்த்த உண்மை.

சத்தம் மாறியது.

முதலில் துளிதான். 'ம்ம்ம்' மெல்ல 'ஈஈ' ஆகிற மாதிரி. பிறகு ஏறியது. இன்னும் ஏறியது. குழலில் யாரோ மேலே மேலே வாசித்துக்கொண்டு போவது போல. சிவஞானம் சேர் ரேடியோவின் பக்கம் குனிந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் ஜுனைதாவுக்குப் புரிந்துவிட்டது.

றம்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாம தொட்ட பெட்டி" என்று கிசுகிசுத்தாள்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத, ஒரு ரொட்டித் தடிப்புக்கூட இல்லாத அந்தக் கூரை, அவர்களுக்கு மேலே பாடிக்கொண்டிருந்தது.

ஹாஜியாருக்கு மட்டும் திடீரென்று நாளைய விருந்து ஞாபகம் வந்தது.

"பாறூக், பலூன்தான் போயிட்டுதே. அடுப்பைப் பத்த வைக்கலாமே?"

பாறூக் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சத்தம் போடாதீங்க ஹாஜியார்" என்றார். "இப்பத்தான் கூரைக்கு வந்திருக்கு."